கதவைப் பூட்டியபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

பூட்டித்தானே இருந்தது? ஒவ்வொரு முறையும்?

திரும்ப மேலே போய்ப் பார்த்ததும் என்ன ஆனது என்று உங்கள் கேள்வியில் நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கேட் திறந்து கிடந்திருந்தால் கேள்வியே வேறு மாதிரி வந்திருக்கும். கேள்வியை என் பாணியில் சுருக்கிக்கொள்கிறேன். சிங்கப்பூரின் பொங்கோலில் பதினான்காவது மாடியில் வீடு, வயது 34. வாரத்தில் இரண்டு மூன்று காலையாவது மின்தூக்கியில் இறங்கிப் பேருந்து நிறுத்தம் வரை போன பிறகு, கேட்டைப் பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து திரும்ப மேலே ஏறுகிறீர்கள். "பூட்டிய ஞாபகமே இல்லை. கை தானாகப் பூட்டியது என்றால் அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? பாதி நாள் நாம் வெறும் இயந்திரமா? இல்லை, எனக்கு மூளையில் ஏதாவது கோளாறா?" இதுதான் கேள்வி.

கோளாறு பற்றிய பயத்தை முதலில் ஓரமாக வையுங்கள். இது எல்லோருக்கும் நடப்பது. வேலையும் குடும்பமும் ஒன்றாகத் தலையில் ஓடும் வயதில் கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். எப்போது கவலைப்பட வேண்டும் என்று பின்னால் வருகிறேன். எனக்குப் பிடித்தது உங்கள் நடுக்கேள்விதான். நான் நரம்பியல் மருத்துவர் இல்லை. உயர்நிலைப்பள்ளியில் 31 வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் எனக்கு நேர்ந்த ஓர் அவமானம்.

தோ பாயோவில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு ஈசூனுக்கு வீடு மாறினோம். மாறி ஆறு வாரம் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் நகரத்திலிருந்து ரயில் ஏறினேன். மனதில் ஓடிக்கொண்டிருந்தது உயர்நிலை நான்கின் தேர்வுத்தாள். ஏழாவது கேள்வியில் சிறுநீரகத்தின் படத்துக்கு நான்கு மதிப்பெண் தருவதா ஐந்து தருவதா என்று ஒரே குழப்பம். தோ பாயோவில் இறங்கினேன். பழைய புளோக்குக்கு நடந்தேன். ஒன்பதாவது மாடிக்குப் போய்ச் சாவியைப் பூட்டில் வைத்தேன். நுழையவில்லை. பூட்டின் மேல் கோபம்கூட வந்தது. உள்ளேயிருந்து ஒரு மாக்சிக், அதாவது மலாய்க்கார ஆன்ட்டி, கதவைத் திறந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நல்ல மனுஷி, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு விருந்தாளி யார் வந்தாலும் என் மனைவி இன்றைக்கும் இந்தக் கதையைத்தான் முதலில் எடுப்பாள்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ரயிலை விட்டு இறங்கியது எனக்கு ஞாபகமில்லை. சாலையைக் கடந்தது ஞாபகமில்லை. ஆனால் ஏழாவது கேள்வி அச்சடித்தாற்போல இருக்கிறது. ஐந்து மதிப்பெண் என்று முடிவு செய்தேன். இதற்குக் கடைசியில் திரும்ப வரவேண்டியிருக்கும்.

வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1890இலேயே இதையெல்லாம் எழுதிவிட்டார். பகலில் மேல்சட்டையைக் கழற்றியவுடன், படுக்கப்போகிறோம் என்பதுபோலக் கை கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிடும். நண்பர் வீட்டு வாசலில் நம் வீட்டுச் சாவி கைக்கு வந்திருக்கும். இதைச் செய்யாதவர் உண்டா என்கிறார். ஹக்ஸ்லி சொன்ன ஒரு வேடிக்கையையும் அவர் எடுத்துச் சொல்வார். படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சாப்பாட்டைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் போகிறார். குறும்புக்காரன் ஒருவன் "அட்டென்ஷன்!" என்று கத்துகிறான். இரண்டு கையும் விறைத்து இறங்க, ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் சாக்கடையில் விழுகின்றன. நம் ஊரில் சோதித்துப் பார்ப்பது இன்னும் சுலபம். தேசிய சேவை முடித்த நாலு பேர் காப்பிக்கடையில் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும்போது பின்னாலிருந்து அதே கட்டளையை மலாயில், "செடியா!" என்று ஒரு குரல் கொடுங்கள். டம்ளரைக் கீழே போட மாட்டார்கள், ஆனால் முதுகு நிமிரும். என் மைத்துனருக்கு வயது 52. அவருக்கு இன்னும் நிமிர்கிறது.

பழக்கம் மூளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது இப்போது ஓரளவு நன்றாகவே தெரியும். மூளையின் அடியாழத்தில் பேசல் கேங்கிலியா என்ற நரம்புத் திரள்கள் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆன் கிரேபியலின் குழு, இரண்டாகப் பிரியும் ஒரு பாதையில் எலிகளை ஓடவிட்டு அந்தப் பகுதியின் நரம்பணுக்களைப் பதிவு செய்தது. புதிதாக ஓடும் எலிக்கு வழி நெடுக நரம்பணுக்கள் சுறுசுறுப்பாக இருந்தன. நூற்றுக்கணக்கான முறை ஓடிப் பழகிய எலிக்கோ ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் உச்சம், நடுவில் அமைதி. முழு ஓட்டமும் ஒரே பொட்டலமாகக் கட்டப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பொட்டலம் செருப்பை மாட்டுவதில் ஆரம்பித்து, சாவியைப் பையில் போடும் சத்தத்தில் முடிகிறது. என் தோ பாயோ பொட்டலம் பிரிக்கப்பட்டது நகரத்தில் அந்த ரயிலில் ஏறியபோதே.

பொட்டலம் கட்ட எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று வாட்ஸ்அப்பில் வாராவாரம் ஒரு செய்தி வரும், நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரை 84 நாள் தொடர்ந்து பார்த்தார். சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கும் செயலுக்கும் தகுந்தபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை. அந்த 254 நேராக அளந்ததில்லை, வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது. உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடம் சுவரொட்டி ஒட்டிக் கேட்டுப் பார்த்தார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் கண்டிப்பாக அமலாக்கினார்கள், முதல் தடவை எச்சரிக்கை, மறுபடி செய்தால் 300 வெள்ளி. முதல் சில மாதம் நான் யோசித்து யோசித்து எழுந்தேன். பிறகு கால் தானாக எழுந்தது. போன வருடம் தஞ்சாவூரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, எச்சில் இலையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எங்கே வைப்பது என்று தேடி நின்றேன். பரிமாறுகிறவர் பதறிப்போய், "ஐயா, சாப்பாடு பிடிக்கலீங்களா?" என்றார்.

சரி, கை தானாகச் செய்யும் என்பதில் சண்டை இல்லை. கை செய்யும்போது "நான்" இருந்தேனா இல்லையா என்பதுதான் உங்கள் கேள்வி. இங்கேதான் பெரும்பாலான கட்டுரைகள் அவசரப்பட்டு, பழக்கம் என்றால் பிரக்ஞை இல்லாமல் செய்வது, ஆதாரம் வேண்டுமானால் உனக்கே ஞாபகமில்லையே என்று முடித்துவிடும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஞாபகம் இல்லாததும் பிரக்ஞை இல்லாததும் ஒன்றல்ல.

தமிழே நம்மைக் கொஞ்சம் குழப்புகிறது. மயங்கி விழுந்தவரை "நினைவு தப்பிவிட்டது" என்கிறோம். எழுந்தால் "நினைவு திரும்பியது". பழைய விஷயம் மனதில் இருந்தால் அதுவும் நினைவு. இன்னொன்றும் சொல்வோம், "ஏதோ ஞாபகத்துல உப்பை ரெண்டு தடவை போட்டுட்டேன்" என்று. இங்கே ஞாபகம் என்பது கவனம், அதுவும் வேறு எங்கேயோ போன கவனம். பிரக்ஞை, கவனம், ஞாபகம் மூன்றும் நம் பேச்சில் ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கின்றன. உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்றையும் பிரித்தாக வேண்டும்.

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். சில வருடம் முன்பு எனக்கு எண்டோஸ்கோப்பி செய்தார்கள். அதற்கு மிடாசோலம் என்ற மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். அது தூக்கக் கலக்கத்தைத் தரும், அதோடு அது உள்ளே இருக்கும் நேரத்தில் புதிய ஞாபகங்கள் பதியாமலும் செய்துவிடும். எல்லாம் முடிந்து என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது நான் தாதியிடம் தேநீர் விலை ஏறியதைப் பற்றிப் புள்ளிவிவரத்தோடு பேசிக்கொண்டிருந்தேனாம். மனைவி கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதிலும் சொன்னேனாம். எனக்கு ஒரு சொல்கூட மிச்சமில்லை. அதற்காக அந்தக் கால் மணி நேரம் நான் இல்லாமல் போய்விட்டேனா? தேநீர் விலைக்காக வருத்தப்பட்டவன் யார்? இருந்தேன். பதிவுதான் இல்லை.

இதைவிடப் பெரிய சாட்சி ஹென்றி மொலேசன். 1953இல் வலிப்பு நோய்க்காகச் செய்த அறுவைச் சிகிச்சையில் அவருடைய மூளையின் இரு பக்கமும், புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும்பாகம் அகற்றப்பட்டது. அப்போது அவருக்கு வயது 27. அதற்குப் பின் 2008இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தில் கோடு வரையச் சொன்னார். மூன்று நாளில் கை அழகாகப் பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல் தடவை. கைப்பழக்கம் தனிக் கணக்கு, நிகழ்ச்சிகளின் ஞாபகம் தனிக் கணக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டாம். பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்த மனிதர் பேசினார், சிரித்தார், குறுக்கெழுத்துப் புதிர் போட்டார். அந்தந்தக் கணத்தில் முழுதாக விழித்திருந்தவர். அவரைப் பிரக்ஞை இல்லாதவர் என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உண்மையிலேயே நமக்குத் தெரியாமல் கை செய்கிற வேலைகளும் உண்டு. மருத்துவ உலகில் டி.எஃப். என்று மட்டும் அறியப்படும் ஒரு பெண்மணிக்கு 1988இல் நீர்ச் சூடாக்கியிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடால் மூளை பாதிக்கப்பட்டது. அதற்குப் பிறகு பொருட்களின் வடிவத்தைக் கண்ணால் அறிய முடியவில்லை. மெல்வின் குடேலும் டேவிட் மில்னரும் (மேலே வந்த பிரெண்டா இல்லை, வேறு மில்னர்) 1991இல் வெளியிட்ட சோதனை இது. தபால் பெட்டி வாய்போல ஒரு பிளவு, அதைப் பல கோணங்களில் திருப்பி வைக்கலாம். பிளவு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அட்டையைச் சாய்த்துக் காட்டச் சொன்னால் அவரால் முடியாது. "சரி, அட்டையை உள்ளே போடுங்கள்" என்றால், கை சரியான கோணத்தில் திரும்பி உள்ளே போட்டுவிடும். சாவியும் பூட்டும் மாதிரியேதான், இல்லையா? ஆக, உங்கள் மணிக்கட்டு எத்தனை பாகை திரும்பியது என்பதெல்லாம் உங்களுக்கு எப்போதுமே தெரிந்ததில்லை, தெரியப்போவதும் இல்லை.

ஆனால் "நான் பூட்டுகிறேன்" என்பது அந்த வகையைச் சேர்ந்ததா? ஒரு கற்பனை செய்யுங்கள். சாவி பூட்டுக்குள் இருக்கும் அதே நொடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து "ஆன்ட்டி, என்ன பண்றீங்க?" என்று கேட்கிறது. டி.எஃப். மாதிரித் திணறுவீர்களா? "வீட்டைப் பூட்டுறேன்மா" என்று யோசிக்காமல் சொல்வீர்கள். அந்த நொடியில் அது உங்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது, மங்கலாகவாவது. மின்தூக்கி கீழே வருவதற்குள் தொலைந்துபோகிறது, அவ்வளவுதான்.

தத்துவக்காரர்கள் இதற்காகப் பல வருடமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டேவிட் ஆர்ம்ஸ்ட்ராங் நெடுந்தூர லாரி ஓட்டுநரை உதாரணம் காட்டினார். பல மைல் ஓட்டிய பிறகு திடீரென்று உறைக்கிறது, இவ்வளவு தூரம் எப்படி வந்தோம் என்றே தெரியவில்லை என்று. அந்த மைல்களில் ஏதோ ஒரு வகைப் பிரக்ஞை இல்லை என்பது அவர் வாதம். டேனியல் டென்னட் மறுத்தார். பிரக்ஞை ஓடிக்கொண்டுதான் இருந்தது, உருண்டு போகப் போகப் பின்னாலேயே ஞாபகம் அழிந்துவிட்டது என்றார். டென்னட் சொல்லும் பலவற்றோடு எனக்கு ஒத்துப்போகாது, இதில் மட்டும் அவர் கட்சி. பிஐஇ விரைவுச்சாலையில் அப்படி ஓட்டிக்கொண்டு போகும்போது முன்னால் போகும் லாரி பிரேக் விளக்கைப் போட்டால் உடனே பார்க்கிறோமே. யாரும் இல்லாத வீட்டில் கதவைத் தட்டினால் திறக்காது.

இது நெடுநாள் சண்டை, இங்கே தீராது. சாட்சி சொல்ல ஞாபகத்தை விட்டால் வேறு ஆள் இல்லை, அந்தச் சாட்சியோ தூங்கிவிட்டது. பிரக்ஞையை மூளை எப்படி உண்டாக்குகிறது என்பது 25 வருடத்தில் தெளிவாகிவிடும் என்று நரம்பியலாளர் கிறிஸ்டோஃப் கோக் 1998இல் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸோடு பந்தயம் கட்டினார். 2023இல் நியூயார்க்கில் மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு ஒயின் புட்டிகளைக் கொடுத்தார். நாம் நினைப்பதற்கு முன்பே மூளை முடிவு செய்துவிடுகிறது என்று காட்ட, பெஞ்சமின் லிபெட் என்ற நரம்பியலாளரின் சோதனையையும் யாராவது கொண்டுவருவார்கள். 1983இல் செய்தது, விரலை அசைக்க வேண்டும் என்று நாம் உணர்வதற்கு முன்பே மூளையில் ஒரு மின் அலை தொடங்கிவிடுகிறது என்பது. 2012இல் ஆரன் ஷுர்கர் என்ற ஆய்வாளர் அந்த அலைக்கு வேறு விளக்கம் கொடுத்துவிட்டார். விரல் அசைப்பதற்கும் வீட்டைப் பூட்டுவதற்கும் ரொம்ப தூரம், விட்டுவிடலாம்.

உங்கள் கேட்டுக்கு வருவோம். "பூட்டிய ஞாபகமே இல்லை" என்கிறீர்கள். நான் சொல்வேன், அளவுக்கு மீறி இருக்கிறது. அதே வீட்டில் இரண்டு வருடம் என்றால் எழுநூறு பூட்டல்கள். எல்லாம் ஒரே வெளிச்சம், ஒரே சத்தம், ஒரே தாழ்வாரம். கரும்பலகையில் எழுதியதன் மேலேயே தினமும் அதே வரியை எழுதினால், இன்று எழுதினோமா என்று பலகையைப் பார்த்து எப்படிச் சொல்வது? பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் காரைத் தேடி அலைவதும் இதனால்தான். நிறுத்திய ஞாபகம் இருக்கிறது, அது நேற்றையதா முந்தாநாளையதா என்பதுதான் தகராறு.

இதோடு கவனம் வேறு ஊரில் இருக்கிறது. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இருவர் 2,250 பேரின் கைத்தொலைபேசிக்கு நினைத்த நேரத்தில் கேள்வி அனுப்பி, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா என்று கேட்டார்கள். 2010இல் வந்த முடிவு, ஏறக்குறைய 47 விழுக்காடு நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. ஆனால் "இல்லை" என்றால் அணைந்துபோகவில்லை, வேறெங்கோ எரிகிறது. என் ஏழாவது கேள்வி ஞாபகம் இருக்கிறதா? தோ பாயோவில் இறங்கியபோது நான் இயந்திரமாக இல்லை. சிறுநீரகத்துக்குள் இருந்தேன்.

இனி நடைமுறை. நீங்கள் திரும்ப மேலே போய்ப் பார்ப்பது உதவாது, கெடுக்கும். நெதர்லாந்தில் வான் டென் ஹவுட்டும் கிண்டும் 2003இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கணினியில் தெரியும் எரிவாயு அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். பலமுறை சரிபார்த்தவர்களின் ஞாபகம் தவறாகவில்லை, சரியாகவேதான் இருந்தது. ஆனால் காட்சி மங்கியது, தங்கள் ஞாபகத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. பார்க்கப் பார்க்கச் சந்தேகம் கூடும். பலகையில் இன்னும் ஒரு வரி எழுதுகிறீர்கள், அவ்வளவே.

கவலைப்பட வேண்டிய எல்லை எங்கே? பார்த்து, பூட்டியிருக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகும் கால் நகரவில்லை, மறுபடி மறுபடி பார்த்தாக வேண்டும், வேலைக்குத் தாமதம், அழுகை வருகிறது என்றால் அது வேறு. இப்படி விடாமல் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓசிடி என்கிற நோய் இங்கே அபூர்வமில்லை. மனநலக் கழகம் 2016இல் நடத்திய ஆய்வில், சிங்கப்பூரில் 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது அது இருந்திருக்கிறது. அதற்குச் சிகிச்சை உண்டு, பலதுறை மருந்தகத்தில் சொன்னாலே அனுப்பிவைப்பார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்தப் பக்கம் தெரியவில்லை.

உங்களுக்கு வேண்டியது இன்றைய பூட்டலை நேற்றையதிலிருந்து வேறாக்குவது. ஜப்பானிய ரயில் ஓட்டுநர்களைப் பார்த்திருப்பீர்கள், சிக்னலை விரலால் சுட்டி வாய்விட்டுச் சொல்வார்கள். வேடிக்கையாக இருக்கும். அவர்களுடைய ரயில் தொழில்நுட்ப ஆய்வுக் கழகம் சோதித்தபோது, ஒன்றும் செய்யாமல் இருந்தால் நூறு செயலுக்கு 2.38 தவறு, சுட்டியும் சொல்லியும் செய்தால் 0.38. நானும் ஆரம்பித்தேன். பூட்டைத் தொட்டு, சத்தமாக, "பூட்டியாச்சு."

பிரமாதமாக வேலை செய்தது, ஒரு மூன்று மாதம். பிறகு அதுவும் பொட்டலத்துக்குள் போய்விட்டது. வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்தது. அதனால் தினமும் ஒன்றை மாற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். "பூட்டியாச்சு, புதன், மழை", "பூட்டியாச்சு, நீலக் குடை" என்று. எவ்வளவு அபத்தமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நான் சோம்பேறி, பாதி நாள் சேர்க்க மாட்டேன். போன வாரம் புளோக்கின் கீழ்த்தளத்து வாய்ட் டெக் வரை வந்துவிட்டேன், சொன்னேனா இல்லையா என்று சந்தேகம். இவ்வளவும் தெரிந்த மனிதன் திரும்ப மேலே போனேன். எதிர்வீட்டுச் சீன அங்கிள் வழக்கம்போல வாசலில் நாற்காலி போட்டுக் கால் நீட்டியிருந்தார். மின்தூக்கிப் பக்கமிருந்து நான் வருவதைப் பார்த்ததுமே கையை ஆட்டினார்.

"பூத்தியாச்சு, பூத்தியாச்சு. கோ, கோ."